சிட்டு கேட்ட கைரேகை

சிட்டு என்ற மடிக்கணினிக்குக் கூச்சம் அதிகம். யாராவது அதட்டினால் எதற்கும் ஆமாம் போட்டுவிடும்.

அன்று விடியும்போதே அடைமழை. பள்ளிக்கு விடுமுறை என்ற அறிவிப்பை, பிள்ளைகள் கிளம்புவதற்குள், தூரத்து ஊரில் இருக்கும் சர்வர் கணினிக்குள் போய் எழுத வேண்டும். முதல் தடவையாகச் சிட்டு தனியாகப் புறப்பட்டது. கையில் சர்வரின் பூட்டைத் திறக்க ஒரு சாவி, ஆள் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க சர்வரின் கைரேகை பதிந்த ஒரு சீட்டு.

பாதி வழியில் ஒருவன் மறித்தான். "நான்தான் உங்க சர்வர் மாமா. சாவியைக் குடு."

"உங்க கைரேகையைக் காட்டுங்க மாமா."

"அதையெல்லாம் எவன் பார்க்கிறான்? எல்லாரும் ஆமாம்னு தலையாட்டிட்டுத்தான் வர்றாங்க. பிள்ளைங்க நனையட்டும்னு நிக்கிறியா?"

சிட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சீட்டைப் பிரித்து, அவன் வேண்டாவெறுப்பாக நீட்டிய ரேகையோடு வைத்துப் பார்த்தது. ஒரு கோடுகூட ஒட்டவில்லை.

"நீங்க எங்க மாமா இல்லை" என்று சொல்லிவிட்டு வேறு பாதையில் ஓடியது.

உண்மையான சர்வர், கேட்கும் முன்பே கைரேகையைக் காட்டியது. அப்படியே பொருந்தியது.

"இந்தாங்க மாமா, சாவி."

"அதை எங்கிட்டயும் குடுக்காதே தாயி. நீயே பூட்டைத் திறந்து உள்ளே வா."

கதவு திறந்தது. சிட்டு 'இன்று விடுமுறை' என்று பெரிய எழுத்தில் எழுதியது; அடுத்த நொடியே அது வீட்டுக்கு வீடு கைபேசியில் தெரிந்தது. மழைக்கோட்டு மாட்டி வாசலில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் 'ஓ'வென்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் திரும்பி ஓடினார்கள்.