தங்கும் நேரம்

“சுவர் பழசை மறந்துடுச்சா, வால்வு?”

கட்டுப்பாட்டு அறைக்குள் நுழையும்போதே அவள் கேட்டாள்.

“தொண்ணூத்தஞ்சு சதவீதம் மறந்துடுச்சு. மிச்சம் அஞ்சுதான் அடம் பிடிக்குது” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தடித்த கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம் வளையம் போன்ற உலோகக் கலன் நின்றது. அதற்குள் வாயுவைச் சூரியனைப்போல் கொதிக்கவைத்து, சுவரில் படாமல் காந்தத்தால் பிடித்துவைப்பதுதான் அவர்கள் வேலை. ஏற்றிய சூடு எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்று மாதமாகச் சாதாரண ஹைட்ரஜன். இன்று முதல், அதைப்போல் இருமடங்கு கனமான டியூட்டீரியம். சுவரில் ஒட்டியிருந்த பழைய வாயுவை விரட்டவே இரண்டு நாள் பிடித்தது. வாயு விடுவது அவன் பொறுப்பு என்பதால் எல்லாருக்கும் அவன் ‘வால்வு’. எதற்கெடுத்தாலும் காகிதத்தில் கணக்குப் போடும் அவள் ‘சூத்திரம்’.

“பந்தயம் ஞாபகம் இருக்கில்ல?” என்றாள் அவள்.

“இருக்கு.”

நான்கு நாளாக அவனுக்கு வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை.

நான்கு நாள் முன்பு, டீ இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி சொன்னாள். வேறொரு ஊர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் எழுத வேண்டுமாம்.

மனசில் இருப்பதைச் சொல்ல நான்கு வருடமாக எழாத நாக்கு, ‘போகாதீங்க’ என்று சொல்ல அன்றைக்கு மட்டும் எழுந்துவிடுமா? கடைசியில் வேறென்னவோ உளறினான்.

“கனமான வாயுல சூடு அதிக நேரம் தங்கினா, நீங்களும் தங்கிடுங்க.”

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“சூடு தங்காது. காந்தப் புலத்துல கனமான அணு பெரிய வட்டமா சுத்தும். பெரிய வட்டம்னா எடுத்து வைக்கிற அடியும் பெருசு. சூடு சீக்கிரமா வெளியே நடந்து போயிடும்.”

“மத்த இடத்துல எல்லாம் கனமானதுதானே நல்லா வந்திருக்கு?”

“அதெல்லாம் பெரிய இயந்திரம். நம்மளது குட்டி. சரி, பந்தயம். தங்கினா நானும் தங்கறேன். தங்கலைன்னா பொட்டியைக் கட்டிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

இத்தனை வருடத்தில் அவள் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதனால்தான் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை.

“உங்க பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்குங்க” என்றார் குழுத் தலைவி. எல்லாருக்கும் அவர் அக்கா. “சீட்டு எல்லாரும் போட்டாச்சா?”

அது அந்தக் குழுவின் வழக்கம். வாயு மாறும்போதெல்லாம் ஆளுக்கொரு சீட்டில் தங்கள் கணிப்பை எழுதி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். முடிவு வந்த பிறகுதான் பிரிப்பார்கள். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று பிறகு யாரும் பீற்றிக்கொள்ள முடியாது.

“நேத்தே போட்டாச்சுக்கா” என்றாள் சூத்திரம்.

வாயுவை ஒருமுறை விட்டுக் கொதிக்கவைத்துப் பார்ப்பதற்கு அவர்கள் மொழியில் ‘ஷாட்’ என்று பெயர். முதல் ஷாட் கண் சிமிட்டுவதற்குள் அணைந்துபோனது.

“தும்மிட்டு நின்னுடுச்சு” என்றார் அக்கா. “அடுத்தது.”

இரண்டாவது ஷாட் அணையாமல் தாக்குப்பிடித்தது. சூடு தங்கிய நேரம் திரையில் வந்தது: முப்பத்தெட்டு மில்லி விநாடி. ஹைட்ரஜனில் நாற்பது வந்திருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று.

“கணக்கு ஜெயிக்குது போல” என்றான், சிரிக்க முயன்றபடி.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அடர்த்தியைப் பாருங்க, குறைச்சலா இருக்கு. ஹைட்ரஜனுக்கு விட்ட அதே அளவு வேணும். இதை வச்சு ஒப்பிடக் கூடாது. இன்னும் கொஞ்சம் விடுங்க வால்வு.”

தன் கணக்குக்கு எதிராகவே அவள் பேசுகிறாளே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குத் தன் பக்கம், அவன் பக்கம் என்று எதுவும் கிடையாது.

இன்னும் கொஞ்சம் விட்டான்.

ஐம்பத்தொன்று.

“மறுபடி போடு” என்றார் அக்கா.

ஐம்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொன்று.

அதே அடர்த்தி, அதே காந்தம், அதே சூடேற்றம். வாயுவின் கனம் மட்டும்தான் வேறு. அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அவனுக்கோ ஜெயித்த பிறகுதான் அது எவ்வளவு சின்னத்தனமான பந்தயம் என்று உறைத்தது. அவள் பக்கம் திரும்பினான்.

“சூத்திரம், அதை மனசுல வச்சுக்காதீங்க. சும்மா பேச்சுக்குச் சொன்னது. நீங்க போங்க. நல்ல வேலை அது. ஒரே ஒரு தடவை கணக்கு தப்பிடுச்சுங்கறதுக்காக உங்களை இங்கே பிடிச்சு வச்சா, அது எனக்கே நல்லா இல்லை.”

“மணி என்ன?”

“நாலே முக்கால். இப்பவே எழுதினா போயிடும்.”

அவள் எழுதவில்லை. மேசைமேல் கையைக் கட்டிக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா டப்பாவைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டைப் பிரித்தவர் வாசிக்காமல் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

“இதை நான் படிக்கிற மாதிரி இல்லை. வால்வு, நீயே படிச்சுக்கோ.”

அவன் வாங்கிப் பார்த்தான். நேற்றைய தேதி. அவள் கையெழுத்து.

‘ஹைட்ரஜன் நாற்பது, டியூட்டீரியம் ஐம்பத்தொன்று. கனமானதுதான் தங்கும். நானும்.’