தரையிறங்க ஒரு கை

விமானங்கள் தாமாகவே தரையிறங்கிக்கொள்ளும் காலம் அது, கண்ணுகளா. விமானி தன் கையால் இறக்க வேண்டுமென்றால் பயணிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். புது விமானி மகிழினி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் யாரோ ஒருவர் மறுத்துவிட்டார். இன்றும் நடக்காவிட்டால் அவளுடைய உரிமம் காலாவதியாகிவிடும்.

தூத்துக்குடி நெருங்கியதும் இருக்கைத் திரைகளில் கேள்வி வந்தது: ‘தரையிறங்க மனிதக் கை வேண்டுமா?’ எழுபத்தொரு பேர் ‘வேண்டும்’ என்றார்கள். பன்னிரண்டாம் இருக்கை மட்டும் ‘வேண்டாம்’ என்றது.

“யாரு அந்தப் புண்ணியவான்?” என்றார் கேப்டன் ரஹீம்.

“எங்கம்மா சார்,” என்றாள் மகிழினி.

பணிப்பெண் ஓடிப்போய்க் காரணம் கேட்டாள்.

“படியிறங்க எனக்கு எதுக்கும்மா கை? நானே இறங்கிக்கிடுவேன். வயசானவங்களுக்குக் குடு,” என்றாள் தாய் சொர்ணத்தாய். விஷயம் புரிந்ததும், “இதத் தமிழ்ல கேக்கக் கூடாதா?” என்று முணுமுணுத்தபடி ‘வேண்டும்’ என்பதை அமுக்கினாள்.

முப்பது அடி உயரத்தில் மகிழினியின் கண் பக்கத்துத் தரைக்குப் போகப் பார்த்தது. பயிற்சியில் அப்படிப் பார்த்துத்தான் பலமுறை விமானத்தைத் தொப்பென்று போட்டிருக்கிறாள். இப்போது பார்வையை ஓடுபாதையின் கடைக்கோடிக்கு அனுப்பிவிட்டு, விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்கிப் பிடித்தாள். சக்கரங்கள் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

“இறங்க இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?” என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டாள் சொர்ணத்தாய்.

“இறங்கியாச்சும்மா.”

விமான வாசலில் மகள் நின்றிருந்தாள். சொர்ணத்தாய் கையை நீட்டினாள்.

“ஏட்டி, கையப் பிடி. நான் யாரோட அம்மான்னு எல்லாரும் பாக்கட்டும்.”