கோல் தெரியாத நேரலை

கடலூர் ஜவுளிக்கடையில் பிளவுஸ் துணிக் கட்டின்மேல் சாய்ந்து நிற்கிறது சகாயசெல்வியின் கைப்பேசி. சிதம்பரத்தில் பள்ளி மாணவிகளுக்கான கால்பந்து இறுதி ஆட்டம் நடக்கிறது. மகள் மேரி ஷாலினிதான் கோல்கீப்பர். கடையில் வேலை பார்க்கும் இவளுக்கு, அம்மாவுக்கு, லீவு கிடைக்கவில்லை. எதிரணிப் பெண்ணின் அப்பா தேவநாதன் எடுக்கும் நேரலை ஒன்றுதான் வழி. அதில் அவருடைய கட்டைவிரல் தெரிகிறது, சாமியானா தெரிகிறது, ஒரு நாய் நிதானமாகக் கடந்து போகிறது. ஷாலினி மட்டும் வரவே இல்லை. “மேட்ச எடுக்கச் சொன்னா மனுசன் வானத்த எடுக்கறாரு,” என்று சிரிக்கிறாள் கூட வேலை பார்க்கும் இளவரசி. சகாயசெல்வி மாதாவை நினைத்துக்கொண்டு நேரலைக்குக் கீழே எழுதுகிறாள்: ‘நான் எதிர் டீம் கோல்கீப்பரோட அம்மா. அவளக் கொஞ்சம் காட்டுங்கண்ணா.’ “எதிர் டீமா? சரி, இரும்மா, கிட்டக்கப் போறேன்,” என்கிறது அவர் குரல். புல், அவருடைய செருப்பு, சுண்ணாம்புக் கோடு. பிறகு திரை நிறைய ஷாலினி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அந்த நேரம் பார்த்து மைதானத்தின் மறுகோடியில் ஒரே கூச்சல். ஷாலினி கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு தன்னந்தனியாகக் குதிக்கிறாள். “ஒங்க டீமு கோல் போட்டுடுச்சும்மா,” என்கிறார் தேவநாதன். “எம் பொண்ணு அங்க தரையில ஒக்காந்துட்டா. நீங்க ஒங்க பொண்ணு குதிக்கறதப் பாருங்க.” கைப்பேசியை அவர் அந்தப் பக்கம் திருப்பவே இல்லை.