மேசை சுழன்றபோது

"இன்னொரு வாட்டி ஓட்டிக் காட்டும்மா, சார் பாக்கட்டும்," என்றார் பட்டறை முதலாளி மதிவாணன்.

வெண்பா மவுஸைச் சொடுக்கினாள். பீங்கான் பொம்மைக்கு அச்சு செதுக்கும் மெஷின், கம்ப்யூட்டர் திரையில் ஓடியது. மேசை சுழன்றது, கத்தி இறங்கியது. முட்டினால் தெரியும் சிவப்பு எங்குமே இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் மதிவாணன். "எதுலயும் இடிக்கல. இத வுட நல்ல மெஷினு விருத்தாசலத்துலயே கெடையாதுங்க."

வந்தவர் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

"இருங்க சார், ஒண்ணு விட்டுப்போச்சு." வெண்பா மேசையோரமாக ஓர் உருளையை வரைந்து சேர்த்து, மறுபடி ஓட்டினாள். மேசை திரும்பியதுமே திரை சிவந்தது.

"இது என்னம்மா?" தொழிற்சாலை ஆய்வாளர் மீண்டும் உட்கார்ந்தார்.

"எங்கண்ணன் கைங்க. மெஷினு கதவத் தொறந்துவெச்சி, ஓடுறப்பவே செதுக்குன தூளத் தள்ளச் சொன்னாரு மொதலாளி. அடிபட்ட அன்னிக்கி இங்கதான் இருந்துச்சு."