கொம்பு முளைத்த எழுத்துகள்

சிடியை அவன் திரும்பவும் உள்ளே தள்ளினான். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை.

அத்தனை பழசு. உள்ளே இருந்த விண்டோஸ் எப்போதோ செத்துப்போனது. சிடியில் வேறொரு சிஸ்டம் இருந்தது; அதிலிருந்து தானாக எழுந்திருக்கவும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

"ஆபீஸ்ல இந்த பிளாப்பியக் குடுத்தாங்க. பூட் மேனேஜராம். இதப் போட்டா இது போயி சிடிய எழுப்பி உடுமாம்" என்றான் கந்தவேல்.

வளர்மதி புருஷனின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே அவளுடைய நாவல் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அடித்தது. அச்செடுத்து வைத்திருந்த தாள்களைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டவனும் இவன்தான். மகராசன்! இப்போது ஒரு பதிப்பகம் கேட்கிறது. வேறு பிரதி கிடையாது.

கறுப்புத் திரை. எதிலிருந்து எழட்டும் என்று பிளாப்பி கேட்டது. அவன் சிடியைக் காட்டினான்.

கரகரவென்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு புதுத் திரை ஒன்று வந்தது. பழைய டிஸ்க் திறந்தது. அவள் வைத்த பெயரிலேயே அந்த ஃபோல்டர்.

அப்பாடா!

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"இருங்க, காப்பி போட்டுட்டு வர்றேனுங்க."

சர்க்கரையைக் கொஞ்சம் கூடவே போட்டாள்.

திரும்பி வந்தபோது அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"பூராம் வைரஸ் புள்ள. ஒரு எழுத்துக்கூடத் தமிழ் இல்ல. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டேன். குப்பைத்தொட்டியும் காலி. நம்ப மாட்டீன்னுதான் ஒண்ண மட்டும் தொறந்து வெச்சிருக்கேன், பாரு."

திரையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகள்.

வைரஸ் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளுடைய பழைய தமிழ் ஃபான்ட் அந்த சிடியில் இல்லை. ஃபான்ட் இல்லாத இடத்தில் அந்தக் காலத்துத் தமிழ் இப்படித்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்தவள் அவள். இந்தக் கிறுக்கலைப் பார்த்துப் பார்த்து வாசிக்கவே பழகியிருந்தாள்.

வாசித்தாள். தனி ஃபைலாக வைத்திருந்த நாவலின் முதல் பக்கம் மட்டும். ஒரே வரி.

'எழுது எழுது என்று என்னை உட்காரவைத்த என் அவருக்கு.'

"என்ன புள்ள அப்படிப் பாக்கறே? ஏதாச்சும் புரியுதா?"

காப்பியை அவன் கையில் கொடுத்தாள்.

"இல்லீங்க. வைரஸ்தானுங்க."