நாற்பத்தேழாம் நம்பர் கம்பம்

கேபிள் கான்ட்ராக்டர் மனுவை மேசைமேல் ஓங்கி அறைந்தார். "விரல் தண்டி வயரு. அதைக் கம்பம் தாங்காதாமா? யாருக்குக் காது குத்துறீங்க?"

மின்சார ஆபீஸ் இன்ஜினியரம்மா நிமிரவில்லை. "நாப்பத்தேழாம் நம்பர் கம்பத்துல ஏற்கெனவே பதினோரு வயரு. எல்லாம் ஒரே பக்கமா இழுக்குது. இன்னொண்ணையும் ஏத்தி, பெருங்காத்தும் அடிச்சா சாஞ்சுடும்."

"அப்ப எதிர்ப்பக்கம் ஸ்டே கம்பி போட்டு இழுத்துக் கட்டும்மா!"

"கட்டலாம். கணக்குப்படி அது ஒரு வீட்டு கேட்டுக்கு நேர் நடுவுல இறங்குது. கார் போகாது. பாவமேன்னு யோசிக்கிறேன்."

"எவன் வீட்டு கேட்டா எனக்கென்ன? காரைத் தலையில தூக்கிட்டுப் போகட்டும்!"

"வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தா?"

"என்கிட்ட அனுப்பு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்."

"எழுதிக் கொடுங்க."

பேப்பர் கிழியாத குறையாக எழுதி, கையெழுத்துப் போட்டு, விசிறி எறிந்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் வீடு திரும்பியவர், தன் கேட்டுக்கு முன்னால் சடன் பிரேக் போட்டார். வாசலுக்கு நேர் நடுவில், ஈர சிமென்ட்டிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி பக்கத்துக் கம்பத்தின் உச்சிக்குச் சாய்வாக ஏறியிருந்தது. கம்பத்தில் கொட்டை எழுத்தில் 47. ஊர்க் கம்பத்திலெல்லாம் வயர் இழுத்தவர், தன் வாசல் கம்பத்தை ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

"எவன்டா இதை இங்க நட்டது?"

லைன்மேன் சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டினார்.

"வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தா, இவரைப் போய்ப் பாக்கச் சொன்னாங்க சார்."