மலைப்பாம்பின் நடுக்கம்

மழை பிடித்து மூன்றாம் நாள். பாறைப் பொந்துக்குள் சுருண்டு கிடந்த மலைப்பாம்பின் உடம்பு வெடவெடவென்று நடுங்குவதை ஓணான் பார்த்துவிட்டது.

"ஏன் அக்கா, ஆட்டையே முழுங்குறீங்க. இந்த மழைக்கா இப்படிப் பயப்படுறீங்க?" என்று எட்ட நின்றே கேலி செய்தது.

"பயமில்ல தம்பி. அடியில பதினேழு முட்டை இருக்கு. நான் நடுங்கினாத்தான் உடம்புல சூடு வரும். நிறுத்தினா அத்தனையும் குளிர்ந்து செத்துப்போகும்."

"எத்தனை நாளா நடுங்குறீங்க?"

"இன்னையோட நாற்பத்தொரு நாள்."

"சாப்பாடு?"

"எழுந்து போனாத்தானே சாப்பாடு."

அப்போது கொழுத்த பெருச்சாளி ஒன்று, பொந்துக்கு வெளியே நாலு முழத் தூரத்தில் நிதானமாக நடந்து போனது. மலைப்பாம்பின் கண்கள் அதன் பின்னாலேயே போயின. சுருள் அவிழவில்லை. நடுக்கமும் நிற்கவில்லை.

பெருச்சாளி மறைந்த பிறகும், ஓணான் தலையாட்ட மறந்து நின்றது.